காலியான இறாக்கையும் யோகட் கப் விண்கலமும்

புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு வருடத்தில் மூன்று அறுவடைகள்தான். நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, நத்தார். மற்ற மாதங்களில் கடை வாடகையும் பொடியன்மாரின் சம்பளமும் எப்படியோ ஓடிவிடும். 2022 இல் இந்த மூன்றில் இரண்டு அறுவடைகள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரல் ஆரம்பத்தில் நோன்பு, நடுவில் புத்தாண்டு, மே 3 இல் பெருநாள். சாதாரண வருடமாக இருந்திருந்தால் அதற்காக ஜனவரியிலேயே இரண்டு கொள்கலன்களுக்கு ஓடர் கொடுத்திருப்பேன்.

அந்த வருடம் எப்படியிருந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவாகிவிட்டது. அதற்கு முன்னரே, 2021 செப்டம்பரில், 623 வகையான இறக்குமதிகளுக்கு 100 வீத ரொக்க வைப்பு வேண்டும் என்று மத்திய வங்கி அறிவித்திருந்தது. நான் எல்.சி. திறக்கப் போன இடத்தில் முகாமையாளர் என் பத்திரங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "முதலாளி, மருந்து கொண்டுவாறதுக்கே டொலர் இல்ல. உங்கட பிளாஸ்டிக் ரொக்கெட்டுக்கு நான் எங்க போற?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

எங்களுடையது வாப்பா காலத்துக் கடை. கெய்சர் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. வாசலுக்கு நேரே தெரியும் இறாக்கையை எப்போதும் விண்கலங்களுக்குத்தான் ஒதுக்குவோம். விளக்கு எரிகின்ற, சத்தம் போடுகின்ற, நிலத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகின்ற ரொக்கெட்டுகள். பெரும்பாலும் சீனாவின் சாந்தோவ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்தவை. வீதியால் போகும் பிள்ளை அதைப் பார்த்து நின்றால் உம்மாவும் நிற்பார். உம்மா நின்றால் கடைக்குள் ஏறுவார். முப்பது வருடமாக நான் பார்த்து வந்த கணக்கு இது. 2022 இல் நோன்பு பிறக்கும்போது அந்த இறாக்கையில் இரண்டே இரண்டு பெட்டிகள் மிஞ்சியிருந்தன. இரண்டிலும் பெற்றரி மூடி உடைந்திருந்தது.

அப்பா, அது குப்பை இல்ல

மூத்த மகளின் மகனுக்கு அப்போது ஏழு வயது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வீட்டில் விசிறியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. பாடசாலை விட்டதும் அவனைக் கடைக்கு அழைத்து வந்துவிடுவேன். விற்பதற்குச் சாமான் இல்லாத கடையில் ஒரு பிள்ளை ஓடித் திரிந்தால் யாருக்கு என்ன நட்டம்?

பின்னறையில் 'டெமேஜ்' என்று எழுதிய மூன்று பெரிய கார்ட்போர்ட் பெட்டிகள் இருந்தன. உடைந்து வந்த சாமான்கள், துணை இல்லாத சில்லுகள், காது போன முயல், பொத்தான் கழன்ற விளையாட்டு டெலிபோன். கொள்கலன் திறக்கும்போதெல்லாம் நூற்றுக்கு இரண்டு மூன்று இப்படித்தான் வரும். அவற்றை வீசவும் மனமில்லாமல் விற்கவும் வழியில்லாமல் அப்படியே சேர்த்து வைத்திருந்தோம். இவன் அதற்குள் தலையைப் புதைத்தவன் நான்கு நாளாக வெளியே வரவில்லை.

ஐந்தாம் நாள் மேசைக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தான். உடம்புக்குத் துணி கழுவும் திரவத்தின் வெற்றுப் போத்தல். பின்னால் எஞ்சினுக்கு மூன்று யோகட் கப். இரு பக்கமும் நூல் கட்டைகள், அவற்றின் நுனியில் பற்பசை மூடிகள். முதுகில் பழைய கல்குலேட்டரின் பொத்தான்களை வரிசையாக ஒட்டியிருந்தான். முன்னால் கண்ணாடிக்கு மருந்து மாத்திரைக் காட்டின் வெற்றுக் குமிழ்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது கறுப்பு இன்சுலேஷன் டேப். "நல்லா இரிக்கி மகன்" என்று சொல்லிவிட்டு நான் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினேன். உண்மையைச் சொல்வதானால் அதை நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

நோன்புக்கு முன்னர் கடையைக் கழுவிச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். அந்த வாரம் பொடியன்மாரிடம் "பின்னறையில கிடக்கிற குப்பையெல்லாம் அள்ளி வீசுங்க" என்றேன். டெமேஜ் பெட்டிகளில் ஒன்று போனது. அதன் மேல் வைத்திருந்த விண்கலமும் மாநகர சபை வண்டியில் போய்விட்டது.

அடுத்த நாள் வந்து தேடினான். நான் விஷயத்தைச் சொன்னேன். அழுவான், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. அவன் அழவில்லை. "அப்பா, அது குப்பை இல்ல. குப்பையால செஞ்சது" என்றான். பிறகு போய் வாசல் படியில் இருந்துகொண்டான். அசர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்தப் படியைப் பார்த்தபடி என் பழைய ஞாபகங்கள் வந்தன. எழுபதுகளில், இறக்குமதிக்குக் கதவு பூட்டியிருந்த காலத்தில், நாங்கள் செமன் டின்னில் கார் செய்தோம். தேய்ந்த இறப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் போட்டோம். தீப்பெட்டிகளைக் கோர்த்து ரயில் விட்டோம். 1977 க்குப் பிறகு கதவு திறந்தது. ஹொங்கொங், தாய்வான் சாமான்கள் வந்து குவிந்தன. வாப்பா அவற்றை விற்றார், பிறகு நான் விற்றேன். என் பிள்ளைகளில் ஒருவருக்கும் செமன் டின்னில் கார் செய்யத் தெரியாது. கடைக்காரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எதற்கு?

லண்டனில் ஒரு தட்டுப்பாடு

நோன்பு முதல் வாரத்தில் லண்டனில் இருக்கும் மச்சான் சுகம் விசாரிக்கக் கோல் எடுத்தார். கடை நிலவரத்தையும் பேரனின் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு இப்ப வந்தது எங்களுக்கு 92 லயே வந்தது" என்றார். அவர் சொன்னதையும், பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வியாபாரம் செய்கின்றவர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை.

'தண்டர்பேர்ட்ஸ்' என்று பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒரு பொம்மலாட்டத் தொடர் இருந்தது. ஜெரி அன்டர்சனும் அவருடைய மனைவி சில்வியாவும் தயாரித்தது. 1965 இல் முதலில் ஒளிபரப்பானது. மொத்தம் 32 அங்கங்கள். ட்ரேசி என்ற குடும்பம் ஒரு தீவில் இருந்துகொண்டு, ஆபத்தில் சிக்கியவர்களை ரொக்கெட்டுகளிலும் விமானங்களிலும் போய்க் காப்பாற்றும். நீச்சல் தடாகம் விலகி அதன் அடியிலிருந்து ரொக்கெட் கிளம்பும். 1991 இல் பி.பி.சி. இத்தொடரை மறுஒளிபரப்புச் செய்தபோது இன்னொரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது பைத்தியமாகிவிட்டது. மெட்ச்பொக்ஸ் கம்பனி அந்தத் தீவை விளையாட்டுச் சாமானாகச் செய்து விற்றது. 1992 நத்தாருக்கு முன்னரே கடைகளில் எல்லாம் முடிந்துவிட்டது. மச்சான் தன் மகனுக்காக நான்கு கடை ஏறி இறங்கி வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறார்.

பி.பி.சி. யில் 1958 முதல் நடக்கும் 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி இருக்கிறது. 1993 ஜனவரியில் அதை நடத்திய அன்தியா டேர்னர், ட்ரேசித் தீவை வீட்டிலேயே செய்வது எப்படி என்று காட்டினார். கார்ட்போர்ட் பெட்டி, யோகட் கப், பழைய பத்திரிகைத்தாள், பசை, பெயின்ட். அவ்வளவுதான். செய்முறைத் தாளை அனுப்பும்படி கேட்டு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. ஒரு இலட்சம் பேர் குப்பையில் தீவு செய்வதற்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். மச்சான் வீட்டிலும் சமையலறை மேசையில் ஒரு தீவு எழுந்தது. கடையில் வாங்கியிருந்தால் ஒரு வருடத்தில் உடைந்திருக்கும், இது மகன் பல்கலைக்கழகம் போகும்வரை அலுமாரிக்கு மேல் இருந்தது என்கிறார் அவர்.

இடையில் ஒரு விஷயம். பி.பி.சி. யில் விளம்பரம் கூடாது. ஆகவே அந்த நிகழ்ச்சியில் ஒரு சாமானின் கம்பனிப் பெயரையும் சொல்ல மாட்டார்கள். 'பாத்திரம் கழுவும் திரவப் போத்தல்' என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருந்த சாமான் யாருடையது என்பது போத்தலுக்கு அவசியமில்லை என்பது போல எனக்கு அது பட்டது.

எங்கள் ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒரு பயம் வரும். வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுத்தால் பிறகு யார் கடைக்கு வருவார்கள்? எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் 2000 ஆம் ஆண்டில் அத்தொடர் மீண்டும் ஓடியபோது, அந்த நத்தாருக்கும் கடைகளில் ட்ரேசித் தீவுக்குத் தட்டுப்பாடுதான். செய்யக் கற்றுக்கொண்ட நாடு வாங்குவதை நிறுத்திவிடவில்லை.

எலுமிச்சை பிழியும் கருவி

தேடத் தேட இன்னொன்று தெரிய வந்தது. நான் முப்பது வருடம் விற்ற விண்கலங்களின் மூதாதையர்களே குப்பையில் பிறந்தவர்கள்தான்.

தண்டர்பேர்ட்ஸில் மாதிரி விண்கலங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் டெரெக் மெடிங்ஸ் என்பவர். ஸ்லவ் நகர வர்த்தகப் பேட்டையில்தான் படப்பிடிப்பு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் விமான, தாங்கி மாதிரிகளின் துண்டுகளை எடுத்துத் தன் விண்கலங்களின் மேல் ஒட்டுவார். முதலாம் இலக்க ரொக்கெட் நிற்கும் அறையின் சுவரில் பெரிய இயந்திரம் போலத் தெரிவது ஓர் எலுமிச்சை பிழியும் கருவி. செய்து முடித்த பிறகு அவற்றை வேண்டுமென்றே அழுக்காக்குவார். புத்தம் புதிதாகப் பளபளக்கும் சாமான் விளையாட்டுச் சாமான் போலவே தெரியும், புகையும் கீறலும் பட்டால்தான் பெரிய இயந்திரமாகத் தெரியும் என்பது அவருடைய அனுபவம்.

ஆர்தர் சீ. கிளார்க்கை எங்கள் நாட்டில் அறியாதவர் இல்லை. 1956 முதல் 2008 இல் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தவர். அவர் இணைந்து எழுதிய '2001' என்ற படம் 1968 இல் வந்தது. அதில் வரும் டிஸ்கவரி என்ற கப்பலின் பெரிய மாதிரி 54 அடி நீளம். அந்தப் படத்தின் கலங்களிலும் பிளாஸ்டிக் மாதிரிகளின் சிறுதுண்டுகள்தான் இயந்திரங்களாக ஒட்டப்பட்டன. 1977 இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' இதையே இன்னும் பெரிதாகச் செய்தது. தாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார் மாதிரிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்து, துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உள் அலங்காரத்துக்குப் பொறுப்பான ரொஜர் கிறிஸ்டியன், கழித்துவிட்ட விமானப் பாகங்களை வாங்கி விண்கலத்தின் உட்பக்கத்தைச் செய்தார். கதாநாயகனின் ஒளிவாளின் பிடி, பழைய கெமரா பிளாஷின் கைபிடி. அந்த வேலைக்கு அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் ஒஸ்கார் கிடைத்தது. 1999 இல் வந்த படத்தில் ஒரு வீரர் கையில் வைத்துப் பேசும் கருவி, பெண்கள் பாவிக்கும் ஜிலெட் ரேசரை அச்செடுத்துச் செய்தது.

ஸ்டார் வோர்ஸ் விளையாட்டுச் சாமான்களின் கதை எனக்கு இன்னும் சுவையானது, ஏனென்றால் அது காலி இறாக்கையின் கதை. உரிமையை வாங்கியிருந்தது அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த கென்னர் கம்பனி. மாவும் காலை உணவும் விற்கும் ஜெனரல் மில்ஸ் அதன் சொந்தக்காரர். படம் மே மாதம் வந்தது. அது இவ்வளவு ஓடும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அச்சு வெட்டி, பொம்மை வார்த்து, நத்தாருக்குக் கடைக்குக் கொண்டுவர நேரம் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் பெட்டியை விற்றார்கள். உள்ளே ஒரு அட்டைப் படம், சில ஸ்டிக்கர்கள், ஒரு சான்றிதழ். சான்றிதழை அனுப்பினால் 1978 பெப்ரவரி 1 க்கும் ஜூன் 1 க்கும் இடையில் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். அப்பாமார் நத்தார் மரத்தின் கீழ் அந்தக் காகிதப் பெட்டியை வைத்தார்கள். சொன்னபடி பொம்மைகளும் போய்ச் சேர்ந்தன. 1978 இல் மட்டும் கென்னர் 4 கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகளை விற்றது.

நான் அதை வாசித்துவிட்டு என் காலி இறாக்கையைப் பார்த்தேன். கென்னருக்கு ஜூன் மாதத்தில் சாமான் வரும் என்பது நிச்சயம். எனக்கு எந்த ஜூன்?

பக்கத்துக் கடை ஹாட்வெயார் நானாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "குப்பையில ரொக்கெட் செஞ்சி உலகம் எங்க போகும்?" என்று கேட்டார். அவருக்கு அப்பலோ 13 இன் கதையைச் சொன்னேன். 1970 ஏப்ரல் 13 இல் சந்திரனுக்குப் போகும் வழியில் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. மூன்று வீரர்களும் சந்திரனில் இறங்குவதற்கென்று இருந்த சிறிய கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அதன் காற்றுச் சுத்திகரிப்பு டப்பிகள் வட்டம், கையில் மிச்சமிருந்த டப்பிகள் சதுரம். விட்ட மூச்சே விஷமாகிக்கொண்டு வந்தது. பூமியில் இருந்த பொறியியலாளர்கள் கலத்துக்குள் என்னென்ன கிடக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, உடையின் குழாய், சாம்பல் நிற டேப். அவற்றைக் கொண்டு சதுரத்தை வட்டத்துக்குப் பொருத்தும் முறையை வானொலியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஏப்ரல் 17 இல் மூவரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். நானா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டேப் ரோல் என்னட்ட இரிக்கி, வேணுமெண்டா எடுங்க" என்றார்.

பசை, பெயின்ட், இலக்கம் 5

அன்று இரவு தராவீஹ் முடிந்து வந்து பேரனிடம், இன்னொன்று செய்வோமா என்று கேட்டேன். "நீங்க வீசுவீங்க" என்றான். வீச மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறை. ஒருவாறு சம்மதித்தான்.

பிளாஸ்டிக் சாமான் விற்பவன் என்பதால் பிளாஸ்டிக்கைப் பற்றி எல்லாம் தெரியும் என்றிருந்தேன். இரண்டே நாளில் அந்தப் பெருமை போய்விட்டது. சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 6 என்றிருக்கும் மெல்லிய யோகட் கப் நன்றாக ஒட்டும், பெயின்டும் பிடிக்கும். 2, 5 என்றிருக்கும் போத்தலும் மூடியும் சுப்பர் குளூவுக்கு மசியாது. காய்ந்த பிறகு நகத்தால் தட்டினால் கழன்று விழும். அவற்றைத் துளை போட்டுக் கம்பியால் கட்ட வேண்டும், அல்லது டேப்பால் சுற்ற வேண்டும். ரிஜிபோமுக்கு மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் ரிஜிபோம் கரைந்து குழிவிழும். எங்கள் முதலாவது இறக்கை அப்படித்தான் போனது. சுவருக்குப் பூசும் தண்ணீர்ப் பெயின்டை முதலில் இரண்டு முறை பூசிக் காயவிட்டால் தப்பும்.

பெரிய இரகசியம் நிறத்தில் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும்வரை அது யோகட் கப்பும் போத்தலும் மூடியும்தான். முழுவதற்கும் ஒரே சாம்பல் நிறத்தை அடித்தவுடன் கப்பைக் காணவில்லை, போத்தலைக் காணவில்லை, ஒரு கலம் நிற்கிறது. அடுத்தது சிறுதுண்டுகள். வழுவழுப்பான போத்தல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போத்தல்தான். அதன் மேல் பொத்தான், பேனை மூடி, சங்கிலித் துண்டு என்று நெருக்கமாக ஒட்டினால் கண் அவற்றைக் கதவாகவும் குழாயாகவும் ஏணியாகவும் எடுத்துக்கொள்கிறது. துண்டு சிறிதாகச் சிறிதாகக் கப்பல் பெரிதாகிறது. இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேரன் கல்குலேட்டர் பொத்தானை ஒட்டியபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் அடுப்புக்கரியை விரலில் தொட்டு எஞ்சின் பக்கம் தேய்த்தான்.

அதைக் கொண்டுபோய் வாசலுக்கு நேரே இருந்த காலி இறாக்கையில் வைத்தேன். சும்மாதான் வைத்தேன். இரண்டாம் நாள் ஓர் உம்மா பிள்ளையோடு ஏறி வந்து "நானா, அது என்ன வில?" என்று கேட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு என் கடையில் ஒருவர் கேட்ட முதலாவது விலை அது. விற்பதற்கில்லை, பேரன் செய்தது என்றேன். பிள்ளை விடவில்லை. கடைசியில் டெமேஜ் பெட்டியிலிருந்து இரண்டு கை அள்ளி ஒரு பையில் போட்டுச் சும்மா கொடுத்தனுப்பினேன்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு வியாபார மூளை வேலை செய்தது.

பொடியன்மார் நால்வரும் சும்மாதானே இருந்தார்கள். டெமேஜ் சாமான்களைக் கழற்றித் துண்டு துண்டாக்கினோம். ஒரு பைக்கு 40 துண்டு, ஒரு சிறிய சுப்பர் குளூ, விலை 350 ரூபா. புத்தாண்டுக்கு முன்னர் 48 பைகள் கட்டினோம். 31 விற்றது. அதில் ஒன்பது திரும்பி வந்தது. மூடிகள் ஒட்டவில்லை. ஒரு பிள்ளையின் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன, அந்த வாப்பா கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அவருக்கு நியாயம் இருந்தது. பிள்ளையின் கையில் சுப்பர் குளூவைக் கொடுக்கலாமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒன்பது பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை குளூவை எடுத்துவிட்டு டேப், இறப்பர் வளையம், மெல்லிய கம்பி போட்டோம். இலக்கம் 5 மூடிகளில் முன்கூட்டியே துளை போட்டுக் கொடுத்தோம். செய்முறைத் தாள் ஒன்று வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் கடதாசிக்கு இருந்த கிராக்கி தெரியும்தானே, மேல் மாகாணத்தில் பரீட்சையே கடதாசி இல்லாமல் பிற்போனது. ஆகவே எங்கள் பழைய இன்வொய்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தோம். கடைசிப் பத்து நாளில் 120 பைகள் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் மட்டும் வந்து, இன்வொய்ஸின் முன்பக்கத்தில் 2019 இல் அதே ரொக்கெட்டை நான் என்ன விலைக்கு விற்றேன் என்று இருப்பதைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

இதைப் பெரிய வெற்றிக் கதையாக எழுத நான் வரவில்லை. அந்தப் பைகளில் வந்த இலாபம் நான்கு பொடியன்மாரில் ஒருவரின் சம்பளத்துக்குக் காணும். மற்ற மூவருக்கும் கொடுத்தது என் மனைவியின் இரண்டு சோடி வளையல்கள். ஆனால் நான்கு பேரும் அந்தப் பெருநாளைக்குச் சம்பளத்தோடுதான் ஊருக்குப் போனார்கள்.

2023 இல் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. வருடக் கடைசியில் எனக்கும் அரைக் கொள்கலன் வந்து சேர்ந்தது. இறாக்கையில் மறுபடியும் விளக்கு எரிந்தது. பை விற்பனை நான் எதிர்பார்த்தபடியே விழுந்தது. எதிர்பார்க்காதது என்னவென்றால், பை வாங்கிய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ரொக்கெட் வாங்க அல்ல. "அங்கிள், சின்ன மோட்டர் மட்டும் இருக்கா?" "பல்ப் மட்டும் தருவீங்களா?" "நாலு சில்லு வேணும்." முதலில் இல்லை இல்லை என்று அனுப்பினேன். ஒரு நாளில் ஏழு பேருக்கு இல்லை என்று சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இப்போது பக்கச் சுவரில் ஒரு இறாக்கை முழுவதும் மோட்டர், பெற்றரி டப்பி, சுவிட்ச், எல்.ஈ.டி. பல்ப், சில்லு. துண்டுக்கு 60 ரூபாவிலிருந்து இருக்கிறது. அறிவியல் தினத்துக்கு ஆசிரியைகள் பட்டியலோடு வருகிறார்கள். பெருநாளும் நத்தாரும் இல்லாத மாதங்களில் அந்த இறாக்கைதான் கடைவாடகையில் பாதியைத் தருகிறது.

பேரனுக்கு இப்போது குரல் கூட மாறத் தொடங்கிவிட்டது. புதிய கொள்கலன் வந்த அன்று, பழைய கடனைத் தீர்க்கும் எண்ணத்தில், இருப்பதிலேயே நல்ல விண்கலத்தை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். மூன்று வகைச் சத்தம், ஐந்து நிற விளக்கு, கடை விலை 4,200 ரூபா. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான். ளுஹருக்குப் பிறகு நான் எட்டிப் பார்த்தபோது அது மேசையில் நாற்பது துண்டாகக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமலே, "அப்பா, இதில எஞ்சின் குழாய் நல்ல சாமான்" என்றான்.

கணக்குப் புத்தகத்தை எடுத்து, டெமேஜ் என்ற நிரலில் ஒன்று என்று எழுதினேன்.